கடைசிப் பெயர் கட்டாயம்

காமாக்ஷி மாமி அடுத்தவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். லஸ் பக்கம் நாட்டியப் பள்ளி நடத்துகிறவர். அரங்கேற்றத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் வேண்டிய நகைகளை வருடக்கணக்காகச் சாருலதாவிடம்தான் வாடகைக்கு எடுக்கிறார். ஆனாலும் மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கொடுத்த காபியை மரியாதைக்குக் கையில் வாங்கி, அப்படியே கீழே வைத்துவிட்டுப் போகிற ஆசாரம். அப்பேர்ப்பட்ட மாமி அந்த மழை மதியத்தில் குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சாருலதாவை ஏறிட்டும் பார்க்காமல், மேஜையைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். நடையில் இருந்த பானையில் ஒரு தம்ளர் மொண்டு மடக்மடக்கென்று குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். நடையின் கோடியில் பூட்டிக் கிடந்த கதவின் முன்னால் போய் நின்று, "நான் வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தார்.

பிறகு திரும்பி வந்து நகைப் பெட்டியை மேஜையில் வைத்தார். "நெத்திச்சுட்டில ஒரு கல்லு ஆடறது. பாத்து ஒட்டிடு" என்றார், எதுவுமே நடக்காதது போல.

"மாமி, உள்ள யாரைக் கூப்டீங்க?"

"இதென்னடி கேள்வி? ஆத்துக்கு வந்தா ஒரு வார்த்தை சொல்லிண்டு வர வேண்டாமா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாவம், வயசாகிவிட்டது என்று சாருலதா நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு விட்டாளா என்றால், அந்தத் தம்ளரை எடுத்து இரண்டு தரம் கழுவி வைத்தாள். ஏன் கழுவினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

சாருலதா எதற்கும் பயந்து ஒதுங்குகிற ரகம் இல்லை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு குறுகலான தெருவில், ஒரு பழைய வீட்டின் முன்பாதியை வாடகைக்குப் பிடித்து, ஒட்டியாணமும் வங்கியும் ராக்கொடியும் சுவர் நிறையத் தொங்கவிட்டு, தனி மனுஷியாகக் கடை நடத்துகிறாள். புருஷனை விட்டு வந்தபோது அவளிடம் இருந்தது மகள் மது என்கிற மதுவந்தி மட்டும்தான். பள்ளியில் சேர்க்கப் போனபோது ஆபீஸ் அம்மா பேனாவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "அப்பா இனிஷியல் போடாம எப்படிம்மா?" என்று இழுத்தாள். "பெத்தது நான், வளர்க்கிறது நான், காய்ச்சல்னா ராத்திரி பூரா முழிச்சிருக்கிறது நான். இனிஷியல் மட்டும் அவருக்கா?" என்று சாருலதா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தலைமையாசிரியை வந்தார். சட்டத்தில் இடம் இருக்கிறது என்று சாருலதா அவரிடமும் வாதாடினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் நகரவில்லை. கடைசியில் சா. மதுவந்தி என்று எழுத வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். அந்த ஒற்றை எழுத்தைப் போல அவள் போராடி வாங்கிய சொத்து வேறு கிடையாது.

வீட்டின் பின்பாதி பூட்டிக் கிடந்தது. உள்ளே ஏதோ பழைய மரச் சாமான் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவரும் இந்த வீட்டை யாரிடமோ வாங்கியவர்தான். கேட்டுத் தூணில் பதித்திருந்த பளிங்குக் கல்லில் 'விசாலம்' என்று ஒரு பெயர் மட்டும் இருந்தது. யார் அந்த விசாலம், எப்போது இருந்தாள், எதுவும் அவருக்குத் தெரியாது.

வம்பு ஆரம்பித்தது மாமி வருவதற்கு ஒரு வாரம் முன்னால், வேறு இடத்தில். வாடிக்கையாளர் பெயரும் நம்பரும் மூன்று இடத்தில் சிதறிக் கிடந்தன: சாருலதாவின் போனில் ஒன்று, பில் போடுகிற ஆப்பில் ஒன்று, நகையைத் திருப்பித் தரச் சொல்லி ஞாபகப்படுத்துகிற மெசேஜ் ஆப்பில் ஒன்று. ஒன்றில் நம்பர் மாற்றினால் மற்றதில் பழசு. போன சீசனில் அடையாறுக்காரிக்குப் போக வேண்டிய செய்தி கொட்டிவாக்கத்துக்காரிக்குப் போய், பெரிய சண்டையாகி, தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அப்போதுதான் தி. நகரில் நகைக்கு முலாம் பூசுகிற ஷரஃபுதீன் பாய் வழி சொன்னார்.

"கோடிங் கீடிங் ஒண்ணும் தெரிய வாணாம் சாரு. இந்தப் பொட்டிலேர்ந்து அந்தப் பொட்டிக்கு ஒரு கோடு இழு, அவ்ளோதான். இங்க பேர் மாறினா அங்கயும் மாறிக்கும், அங்க மாறினா இங்கயும் மாறிக்கும். நம்ம கடைல அது பாட்டுக்கு ஓடிக்கினு கீது."

அன்றைக்கே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். பாய் சொன்னது போலத்தான் இருந்தது. திரையில் கட்டங்கள், கட்டங்களுக்கு நடுவே அம்புக்குறிகள். போன், பில், மெசேஜ் என்று மூன்றையும் இழுத்துக் கோத்தாள். எல்லாம் சரி, ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக முறைத்தது. கடைசிப் பெயர், கட்டாயம். இதென்னடா ரோதனை! நம்ம ஊரில் யாருக்கு ஐயா கடைசிப் பெயர்? ஆளுக்கு ஒரு இனிஷியல், அதுவும் அப்பன் பெயரின் முதல் எழுத்து, அதையும் போனில் யார் போட்டு வைக்கிறார்கள்? அவளுடைய போனில் இருந்ததெல்லாம் 'பாய் முலாம்', 'பூ ஜடை மந்தைவெளி', 'குட்டிம்மா' இந்த வகைதான். பெயர்களை ஒழுங்காக எழுதிப் பார்த்தாள், கட்டம் அசையவில்லை. புள்ளி வைத்துப் பார்த்தாள், ஏற்கவில்லை. கீழே இன்னொரு கேள்வி இருந்தது: காலியாக இருந்தால் எல்லோருக்கும் எதைப் போடட்டும்?

எரிச்சலில் நிமிர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே கேட்டுத் தூண் தெரிந்தது. விசாலம் என்று அடித்துவிட்டு பட்டனை அமுக்கினாள். அம்புக்குறி சுற்றி நின்றது. எல்லாப் பெயர்களும் எல்லா இடத்திலும் ஒன்றாகிவிட்டன. நாம்கூடச் செய்துவிட்டோமே என்று அவளுக்கு ஒரே பெருமை, ஒரு காபி போட்டுக் குடித்தாள்.

காமாக்ஷி மாமி வந்துபோன மறுநாள் வங்கி அதிகாரி ஒருத்தி வந்தாள், மகளின் நாட்டியத்துக்கு ஜடை வாங்க. லேப்டாப் பை தோளில் தொங்க, மேஜையைச் சுற்றிக்கொண்டு நடைக்குப் போனாள். விளக்கு சுவிட்சைப் பார்க்காமலே தட்டினாள். அது இரண்டு தட்டுத் தட்டினால்தான் எரியும், சாருலதாவுக்கே பழக ஒரு மாதம் ஆனது. அவள் சரியாக இரண்டு தட்டுத் தட்டினாள். கதவின் முன்னால் நின்றாள். "வந்துட்டேன்" என்றாள். திரும்பி வந்து, "ஏங்க, இன்னும் ஏன் கதவைத் திறக்காம வச்சிருக்கீங்க?" என்று கோபமாகக் கேட்டாள்.

"அது வீட்டுக்காரர் பூட்டினதுங்க."

"எங்க வீட்டைப் பூட்டுறதுக்கு அவர் யாரு?" என்றாள் அவள்.

பூ ஜடை கட்டுகிற ஆள் வந்தான். மிருதங்கக்காரர் வந்தார். யாருக்கும் வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் நடைக்குப் போனார்கள், குரல் கொடுத்தார்கள், வந்த வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். சாருலதா வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள், அவர் எடுக்கவில்லை. அவர்கள் போன பிறகு நடையில் நின்று அந்தக் கதவைப் பார்த்தாள். பூட்டு துருவேறி, வளையத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே எந்தக் காலத்திலோ அடித்த பச்சைப் பெயின்ட் ஓடி இறுகியிருந்தது, மேல் மூலையில் சிலந்தி வலை கலையாமல் அப்படியே இருந்தது. ஆனால் கதவின் அடியில் இருந்த இடுக்கு வழியாக, மழை ஈரத்தையும் நகைப் பெட்டிகளின் பித்தளை வாடையையும் மீறிக்கொண்டு, அடுப்பில் அடிப்பிடித்த பாலின் மணம் நிதானமாக வந்துகொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டாள். உள்ளே யாரோ தட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். கனமான தட்டு ஒன்று தரையில் உட்காருகிற சத்தம், கொஞ்சம் நகர்ந்து உட்காருகிற சரசரப்பு, அடுத்த தட்டு, மறுபடி சரசரப்பு. ஒரு பெரிய பந்திக்கு வரிசை போடுகிற மாதிரி அது நீண்டுகொண்டே போனது. சாருலதா காதை எடுத்துவிட்டாள்.

மேஜைக்கு வந்து, ஏதாவது வேலை செய்யலாம் என்று மெசேஜ் ஆப்பைத் திறந்தாள். போன வாரம் முழுக்க அது தானாக அனுப்பிய செய்திகள் வரிசையாக இருந்தன. அன்புள்ள காமாக்ஷி விசாலம், வணக்கம். அன்புள்ள மிருதங்கம் விசாலம், வணக்கம். தினமும். காலையும் மாலையும். ஒவ்வொருவரையும் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருந்தது.

ஷரஃபுதீன் பாய்க்குப் போன் போட்டாள்.

"பாய், ஒண்ணு கேக்கணும். சிரிக்காதீங்க. உங்க அப்பா பேர் என்ன?"

குலாம் முகம்மது. அவளுக்கே தெரியும். பெரியவர் உயிரோடு இருந்தபோது ஒவ்வொரு பெருநாளுக்கும் பிரியாணித் தூக்கைத் தானே சுமந்துகொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவார். அவர் தவறிப்போன அன்று பாய் நின்று அழுததை அவள் பார்த்திருக்கிறாள்.

"அப்பாவா?" என்றார் பாய். கொஞ்சம் யோசித்தார். "அப்பால்லாம் யாரு சாரு? அம்மா பேர் விசாலம். இன்னா, தெரியாத மாதிரி கேக்குற?"

"பாய்! குலாம் முகம்மது யாரு?"

"யாரது? உங்க கஸ்டமரா?"

போனை வைத்துவிட்டாள். அழுகை வந்தது. அந்தப் பெரியவரை இப்படித் துடைத்துப் போட்டுவிட்டதே என்று ஆத்திரமும் கூடவே வந்தது. லேப்டாப்பைத் திறந்து அந்த இணைப்பை நிறுத்தினாள். நின்றுவிட்டதாகக் காட்டியது. ஒவ்வொரு பெயராக எடுத்துக் கடைசிப் பெயரை அழித்தாள். அழித்து அடுத்ததுக்குப் போவதற்குள் முதலாவது திரும்ப வந்து உட்கார்ந்தது. விசாலம். அழித்தாள். விசாலம். அழித்தாள்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. போனை எடுத்து, மகளை 'குட்டிம்மா' என்று போட்டிருந்த இடத்தைத் தேடினாள். அது அங்கே இல்லை. மதுவந்தி விசாலம் என்று இருந்தது.

வெளியே மழை வலுத்திருந்தது. விளக்கு வைக்கிற நேரம். மின்சாரம் போயிற்று. லேப்டாப் திரையின் வெளிச்சத்தில் சுவரில் தொங்கிய சலங்கைகள் மங்கலாகப் பளபளத்தன, காற்றே இல்லாமல் ஒன்றிரண்டு மணிகள் கிணுகிணுத்தன. கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மது, பள்ளிக்கூடப் பையோடு, தொப்பலாக நனைந்து.

"மதும்மா, இங்க வா. தலையைத் துவட்டலாம் வா."

மது மேஜையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"மது!"

நடையில் நடந்தாள். விளக்கு சுவிட்சை இரண்டு தட்டுத் தட்டினாள், விளக்கு எரியவில்லை, அவள் பொருட்படுத்தவில்லை. கதவின் முன்னால் நின்றாள். "வந்துட்டேன்" என்றாள். "பசிக்குது."

உள்ளே தட்டு வைக்கும் சத்தம் நின்றது.

சாருலதா ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். மது திரும்பிப் பார்த்தாள். கடைத்தெருவில் தெரியாமல் இடித்துவிட்ட ஒருத்தியைப் பார்க்கிற பார்வை.

"விடுங்க ஆன்ட்டி" என்றாள். "வலிக்குது."

ஆன்ட்டி.

அந்தக் கதவின் உட்புறம் ஒரு தாழ்ப்பாள் இருப்பது சாருலதாவுக்கு அதுவரை தெரியாது. அது மெல்ல விலகியது. கிரீச். நின்றது. மறுபடி கிரீச். வெளிப்பூட்டு தானாக லேசாக ஆடியது. இறுகிய பெயின்ட் சில்லுச் சில்லாகத் தெறித்து விழுந்தது. பால் தீய்ந்த வாடை தொண்டையை அடைத்தது. பின்னால் கேட் திறந்தது. யாரோ வந்தார்கள். இன்னும் யாரோ. மழையில் நனைந்த காலடிகள், பேச்சே இல்லாமல், வாசலில் சேர்ந்துகொண்டே இருந்தன.

பயந்தாள். பொய் சொல்வானேன், நன்றாகவே பயந்தாள். ஆனால் ஆன்ட்டி என்ற அந்த ஒரு சொல், பயத்துக்கும் மேலே ஏறிப் போய் அவளைக் கொளுத்திவிட்டது.

"ஏய்!" என்று கதவைப் பார்த்துக் கத்தினாள். "யாருடி நீ? பேர் மட்டும் போட்டா பெத்தவளாயிடுவியா? இவளுக்கு இனிஷியல் வாங்க நான் அந்த ஸ்கூல்ல பட்டினி உக்காந்தேன்டி. நீ நோகாம வந்து கூட்டிட்டுப் போவியா? செருப்பு பிஞ்சிடும்!"

மதுவை ஒரு கையால் இடுப்போடு அணைத்து, அவள் திமிறத் திமிற, மேஜைக்கு இழுத்து வந்தாள். கீறினாள் மது. கடித்தாள். விடவில்லை. ஒற்றைக் கையால் அந்த இணைப்பை மறுபடி திறந்தாள். காலியாக இருந்தால் எதைப் போடட்டும்? விசாலம் என்பதை அழித்தாள். தன் பெயரை அடித்தாள். சாருலதா. கீழே இன்னொரு கேள்வி: விசாலம் என்று வருகிற எல்லா இடத்திலும் மாற்றலாமா?

எல்லா இடத்திலும்.

அமுக்கினாள்.

அம்புக்குறி சுற்றியது. தாழ்ப்பாள் சத்தம் நின்றது. சுற்றியது. மழை மட்டும் கேட்டது. நின்றது.

அவள் பிடிக்குள் திமிறிக்கொண்டிருந்த உடம்பு சட்டென்று தளர்ந்தது. "அம்மா" என்றாள் மது, சின்னக் குரலில். "ஏம்மா இப்படி இறுக்கிப் பிடிக்கிற?"

சாருலதாவுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அழுதாள், சிரித்தாள், ஈரத் தலையில் முத்தமாய்க் கொட்டினாள். "என் பொண்ணுடி நீ. என் பொண்ணு" என்றாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

"அம்மா" என்றார் காமாக்ஷி மாமி.

வாசலில் நின்றார், நனைந்த நரைத்தலையோடு. அவருக்குப் பக்கத்தில் வங்கி அதிகாரி. பூ ஜடைக்காரன். மிருதங்கக்காரர். ஷரஃபுதீன் பாய் தி. நகரிலிருந்து எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தாரோ, மோவாயில் மழை சொட்ட அவரும் நின்றார். அவர்களுக்குப் பின்னால் கேட் வரைக்கும் தலைகள்.

"அம்மா" என்றார் பாய்.

"போங்க! எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போங்க! பாய், உங்க அப்பா குலாம் முகம்மது. கேக்குதா? குலாம் முகம்மது!"

திட்டு வாங்கிய பிள்ளைகள் மாதிரி அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தரும் நகரவில்லை.

மேஜைமேல் போன் அதிர்ந்தது. மதுவை விடாமலே எட்டிப் பார்த்தாள். எல்லாத் தொடர்புகளும் புதுப்பிக்கப்பட்டன. புதிதாக ஒன்று சேர்க்கப்பட்டது. அதற்குக் கீழே பெயர்: விசாலம். கடைசிப் பெயர்: சாருலதா.

கதவுக்கு உள்ளே ஒரு தட்டு உருண்டது. உருண்டு, சுற்றி, அடங்கியது.

பூட்டு விழுந்தது.

கதவு.

ஈரமான எதுவோ தரையில் நடந்து வந்தது. ஒரு அடி. ஒரு அடி. பால் வாடை கழுத்துக்குப் பின்னால் சூடாக அடித்தது.

சாருலதா திரும்பவில்லை. திரும்ப மாட்டாள். மதுவை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"எனக்கு ஒரே பொண்ணு" என்றாள் சத்தமாக. "கேட்டுச்சா? ஒரே பொண்ணுதான்!"

முந்தானை இழுபட்டது. தரையோரத்திலிருந்து. சின்னதாக, பொறுமையில்லாமல். இன்னொரு தரம்.

மதுவின் கண்கள் அம்மாவின் தோளைத் தாண்டிப் போயின. மேலே ஏறின. இன்னும் மேலே, உத்தரம் வரைக்கும் ஏறி நின்றன. அந்த முகத்தில் துளிப் பயமில்லை. அம்மாவின் மார்பில் இன்னொரு தலை சாய்கிற அளவுக்கு அவள் ஒருபக்கமாக ஒதுங்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் குனிஞ்சுக்கோம்மா" என்றாள். "அக்கா எவ்ளோ நேரமா நிக்கிறா பாரு."

முந்தானையை விட்ட கை மேலே வந்தது. சாருலதாவின் கழுத்தைச் செல்லமாகக் கட்டிக்கொண்டது. ஒரு சுற்று. பிறகு, முழங்கை எங்கேயும் தட்டுப்படாமல், இன்னொரு சுற்று.